ராகிக்கு ஒரு மனை

நவம்பர் 24, ஞாயிறு

ராகி இன்றும் சாப்பிடவில்லை.

பாம்பு எப்போது தின்கிறது, எப்போது தோலுரிக்கிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று டாக்டர் ஷெரின் போனில் சொன்னார். அதனால் எழுதுகிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ராகி என் கணவர் நந்தகோபால் வளர்த்த பாம்பு. ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்ன மலைப்பாம்பு வகை. விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அரசாங்கத்தில் முறைப்படி பதிந்து வாங்கியதுதான். ராகிக் களி நிறம் என்பதால் இவர் அந்தப் பெயர் வைத்தார். இவர் செப்டம்பர் கடைசியில் இறந்துபோனார். மில்லில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி. பாம்பு என்னிடம் இருக்கிறது.

இன்று துணி துவைத்தேன். இவருடைய சட்டைகள் நான்கு. காயப்போடும்போதுதான் தெரிந்தது, போன வாரமும் இதே நான்கைத்தான் துவைத்திருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

ராகியைத் தலையணை உறையில் போட்டுக்கட்டி டாக்டரிடம் கொண்டுபோனேன். ஆட்டோக்காரரிடம் துணி என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் அதன் முதுகோடு ஒரு நூலை ஓட்டி, நூலை அளந்தார். நாலேகால் அடி.

“எதுல வெச்சிருக்கீங்க?”

“ரெண்டடி பிளாஸ்டிக் டப்பாங்க.”

“குட்டியா இருந்தப்ப அது சரி. இப்ப இதால நீட்டிப் படுக்கக்கூட முடியாது. கொறஞ்சது நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம் வேணும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. சீக்கிரம் மாத்துங்க.”

“அவர் சின்ன எடத்துலதான் அதுக்குத் தைரியம்னு சொல்லுவார்.”

“பாதி நெசம். பெருசு தப்பில்ல, வெறுமையா இருந்தாத்தான் தப்பு. ஒளியறதுக்கு எடம் இருந்தா எவ்வளவு பெருசானாலும் இருந்துக்கும்.”

கிளம்பும்போது, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். பாம்பு பார்க்கிற டாக்டர் எதற்கு என்னிடம் அதைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

சூலூரிலிருந்து நாச்சிமுத்து மாமாவும் ருக்மணி அக்காவும் வந்தார்கள். மாமா இவருக்கு அண்ணன், அக்கா மாமாவின் மனைவி. மாமா இவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டர். கையில் எப்போதும் அளவு டேப் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேடையை அளந்துவிட்டுத்தான் உட்காருவார்.

“தனியா ஒரு பொம்பள இந்த சிங்காநல்லூர் ஃப்ளாட்டுல எதுக்கு கெடக்கோணும்? மார்கழில குடி மாறக் கூடாது. தை பொறந்ததும் நம்ம ஊட்டுக்கு வந்துரு அம்மணி. மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது. இதை வாடகைக்கு உட்டுறலாம்.”

“சரிங்க மாமா” என்றேன்.

இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் வாயிலிருந்து சரிங்க என்றுதான் வருகிறது. பால்காரர் இரண்டு பாக்கெட் போடட்டுமா என்று கேட்டதற்கும் சரி என்றுவிட்டேன். ஒரு பாக்கெட் தினமும் கெட்டுப்போகிறது.

ருக்மணி அக்கா ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்து, உள்ளே எலிகளைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ராகியின் தீனி. வெந்நீரில் போட்டுப் பதமாக்கிக் கொடுக்க வேண்டும்.

“அதை எங்கயாச்சும் குடுத்துப்போடு கண்ணு. அவனோட போவட்டும் அந்தப் பழக்கம்.”

“ராகியும் வரும்க்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது நான் என்று தெரிந்தது.

டிசம்பர் 4, புதன்

மாமா சொல்லி தங்கவேல் ஆசாரி பெட்டி அளவெடுக்க வந்தார். டாக்டர் சொன்ன அளவைச் சொன்னேன்.

“அதெல்லாம் பண்ணிப்போடலாமுங்க. எங்க வெக்கப்போறீங்க? இங்கயா, சூலூர்லயா? எடத்தைச் சொன்னாத்தான் அளவு சொல்ல முடியும்.”

அடுப்பில் அரிசி இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அப்புறமா வர்றேனுங்க என்று போய்விட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

சூலூர் போய் மாடி ரூமைப் பார்த்தேன். எட்டுக்குப் பத்து. இரண்டுமே மனையடி சாஸ்திரத்தில் நல்ல அளவு என்று மாமா சொன்னார். ஒரு கட்டில், ஒரு பீரோ. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மாடிப்படிக்கு அவர்கள் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். அறையின் சாவி கீழே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

“எதுக்கு அம்மணி? நாங்கதான இருக்கறோம்” என்றார் மாமா. அவர் நல்லவர். இவர் போன அன்று ஆஸ்பத்திரியில் எல்லாக் காரியத்தையும் அவர்தான் பார்த்தார். என்னை யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். இதையும் எழுதி வைக்க வேண்டும்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி இடம் இருந்தது. ராகியின் பழைய டப்பாதான் அதில் நுழையும்.

டிசம்பர் 9, திங்கள்

ராகி சாப்பிடவில்லை. எலியைக் குப்பையில் போட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

மாமா போன் செய்தார். அவர் மகள் தீபிகாவுக்கு வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிறது. ஜோசியரிடம் போயிருக்கிறார். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் ஒரு சர்ப்பம் அடைபட்டுக் கிடக்கிறதா என்று கேட்டாராம். மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது.

“என்ர தம்பி தெரியாம பண்ணிப்போட்டான். ரெண்டடி டப்பால நாகத்தை அடைச்சு வெக்கலாமா?”

“அது நாகம் இல்லீங்க மாமா. ஆப்பிரிக்கா பாம்பு.”

“எந்த ஊரா இருந்தா என்ன? பாம்பு பாம்புதான. ஜோசியர் தெளிவாச் சொல்லீட்டார். வெளிய உடவும் கூடாது, நெருக்கி வெக்கவும் கூடாது. அதுக்கு ஒரு மனை குடுத்துறோணும். மனையடி சாஸ்திரம் ஆறடிலதான் ஆரம்பிக்குது. ஆறு நல்ல அளவு. உள்ளளவு ஆறடி வெச்சரலாம்.”

“டாக்டர் நாலடி போதும்னாங்க.”

“நாலடிக்கு பலனே சொல்லல அம்மணி. பலன் சொல்லாத எடத்துல எப்படிக் குடி வெக்கறது?”

பின்னால் ருக்மணி அக்காவின் குரல் கேட்டது. “பாம்புக்கு ஆறடில ஊடா? வெரலுக்கேத்த வீக்கம் வேண்டாமா?”

அகலம் மூன்றடி என்று மாமாவே முடிவு செய்தார். மூன்றுக்கும் பலன் சொல்லவில்லையே என்று கேட்டேன். அகலத்தில் சொல்லாமல் விட்டால் தோஷமில்லையாம். தீபிகாவுக்கு வரன் அமைய வேண்டும் என்றால் சாஸ்திரமும் கொஞ்சம் வளைந்துதான் கொடுக்கும்.

டிசம்பர் 15, ஞாயிறு

நாளை மார்கழி பிறக்கிறது. மார்கழியில் புதிதாக எதையும் சூலூர் வீட்டில் வைக்க முடியாது. ஆனால் என் வீடு துக்க வீடு. ஒரு வருடத்துக்கு நல்லது கெட்டது எதுவும் ஒட்டாது. அதனால் பெட்டியை இங்கேயே செய்து, பாம்பை இங்கேயே குடி வைத்துவிட்டு, தை பிறந்ததும் அப்படியே தூக்கிப்போகலாம் என்று மாமா ஏற்பாடு. மாடி ரூம் பீரோவைக் கீழே இறக்கிவிடுவாராம். கட்டிலையும் எடுத்துவிட்டுப் பாய் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

சரிங்க மாமா என்றேன்.

துக்க வீட்டுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 17, செவ்வாய்

ராகி சாப்பிடவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் இரண்டு கருவிழிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளப்பது என் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் தலைவலி வந்துவிடும். கடை முதலாளி, மூன்று மாதம் ஆகட்டும்மா, அப்புறம் வந்தால் போதும் என்றார். அளப்பதற்கு யாரும் இல்லை. ஆசாரி அன்று விட்டுப்போன டேப் மேசையில் கிடந்தது. அறைகளை அளந்தேன். ஹால், சமையலறை, படுக்கையறை, ராகி இருக்கிற சின்ன அறை. சின்ன அறைக்கு ஒரே கதவு. நிலைக்கு நிலை இரண்டே முக்கால் அடி.

டிசம்பர் 18, புதன்

ஆசாரி பலகைகளோடு வந்தார். சின்ன அறையிலேயே அறுத்து, இழைத்து, பெட்டியாகக் கூட்டினார். வீடு முழுக்க மரத்தூள். ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகு வீட்டில் சத்தம் இருந்தது.

“நீளம் ஆறு, அகலம் மூணுன்னு சொல்லீட்டாருங்க. ஒசரம் எவ்வளவுங்க?”

மாமாவுக்குப் போன் போட்டோம். சாஸ்திரத்தில் உயரத்துக்குக் கணக்கில்லை, அம்மணி இஷ்டம் என்றார்.

“மூணடி” என்றேன்.

“பெரிய டாக்டரம்மா ரெண்டுன்னு சொன்னதா சொன்னீங்களே?”

“மூணு இருக்கட்டும்ங்க.”

மாமா இன்னும் லைனில் இருந்தார். ஆசாரி அவரிடம், “கழட்டி மாட்டற மாதிரி திருகு போடட்டுங்களா, இல்ல ஒட்டிப்போடட்டுங்களா?” என்று கேட்டார்.

“ஒட்டிப்போடுங்க. கழட்டற மாதிரி இருந்தா அது மனையா? கூடாரம். பிரியற மாதிரி மனை போடக் கூடாது.”

ஒட்டினார். மூலைக்கு மூலை கட்டை கொடுத்து, பசை போட்டு, ஆணி அடித்தார். முன்பக்கம் இரண்டு கண்ணாடிகள் பள்ளத்தில் நகரும்.

சாயங்காலம் சின்ன அறைக் கதவை ஈரத்துணியால் துடைத்தேன். நிலை, மேல்சட்டம், எல்லாம். மரத்தூள் நிறைய இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

மாமா வந்து கற்பூரம் காட்டினார். ராகியைப் புது இடத்தில் விட்டேன். அது ஒரு மூலையில் பந்தாகிவிட்டது. நடுவில் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது. சூடு தரும் விளக்கு ஒரு கோடியில் எரிந்தது, அது மறுகோடியில் இருந்தது.

“எப்படி இருக்குது பாரு மனை!” என்றார் மாமா. அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். தம்பிக்கு ஒரு காரியம் செய்த மாதிரி இருந்திருக்க வேண்டும். சுவரைத் தட்டிப் பார்ப்பது போலப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கதவுப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 26, வியாழன்

மூலையை விட்டு நகரவில்லை. தண்ணீர் குடித்த மாதிரியும் தெரியவில்லை.

டாக்டரிடம் போனில் சொன்னேன். “வெறும் ஹாலா விட்டா எப்படிங்க? நெறச்சு விடுங்க” என்றார்.

நானும் இந்த வீட்டில் படுக்கையறைக்குப் போவதில்லை. சின்ன அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். விளக்குச் சூடு இருப்பதால்தான். கோயமுத்தூரில் இந்த வருடம் குளிர் அதிகம்.

டிசம்பர் 29, ஞாயிறு

பெட்டியை நிறைத்தேன். பக்கத்து நர்சரியில் உடைந்த பூந்தொட்டிகள் கொடுத்தார்கள். கவிழ்த்து வைத்தால் குகை. செருப்பு டப்பாக்களில் ஓட்டை போட்டேன். பிளம்பர் விட்டுப்போன பைப் துண்டு ஒன்று. காய்ந்த கொய்யாக் கிளை. தேங்காய் நார் இரண்டு மூட்டை. மணிபிளாண்ட்டைத் தொட்டியோடு வைத்தேன். கை நிறைய மண். பசித்தது. சமைத்தது எதுவும் இல்லாததால் ஓட்டை போட்ட கையோடு பிஸ்கட் பாக்கெட்டை முடித்தேன்.

முடித்துவிட்டுப் பார்த்தால் ராகியைக் காணோம். பயந்துவிட்டேன். பைப்புக்குள் இருந்து மூக்கு மட்டும் தெரிந்தது.

ஜனவரி 3, வெள்ளி

மாமா போன். பொங்கல் முடிந்து இருபதாம் தேதி திங்கட்கிழமை நல்ல நாள். வண்டி சொல்லியாகிவிட்டது. ஃப்ளாட்டுக்கு ஒரு பேங்க் தம்பதி வாடகைக்கு வருகிறார்கள், நல்ல மனிதர்களாம்.

“பாத்திரமெல்லாம் கட்டி வெச்சுக்க அம்மணி.”

சரிங்க என்றேன். அட்டைப்பெட்டிகள் எல்லாம் ராகிக்குப் போய்விட்டன. எதிலும் எதையும் கட்டி வைக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

ராகி சாப்பிட்டது.

எலியை இடுக்கியில் பிடித்துத் தொட்டி வாசலில் நீட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கை வலித்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது பட்டென்று பிடித்து இழுத்துக்கொண்டது. செப்டம்பரிலிருந்து முதல் தடவை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். இவர் நம்பரைத்தான் அழுத்தியிருக்கிறேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். அவளிடமே சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்களுக்கு இந்த வருடம் இல்லை. மேல்வீட்டு ஃபாத்திமா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் வீட்டுக்கு யாரோ கொடுத்ததாம். முழுதும் சாப்பிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

நாளை வருகிறார்கள். மாமாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்ல வேண்டும் என்று நாலு தடவை போனை எடுத்தேன். சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லையா, சொல்ல விருப்பமில்லையா என்று கேட்டால் பதில் தெரியாது. பயமாக இருக்கிறது. இத்தனை நாள் எதுவுமே தோன்றாமல் கிடந்தவளுக்குப் பயமாவது வந்ததே என்றும் இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

ராகு காலம் முடிந்து வந்தார்கள். மாமா, ருக்மணி அக்கா, ஆசாரி, தூக்க நான்கு பேர். கீழே சாமான் ஏற்றுகிற சின்ன யானை வண்டி நின்றது.

ராகியைப் பழைய டப்பாவுக்கு மாற்றினேன். நான்கு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். கதவு வரை வந்தது. நின்றது.

சாய்த்தார்கள். போகவில்லை. நிறுத்தினார்கள். போகவில்லை. “நெலைல முட்டுதுங்கோ” என்றார் ஒருவர். மாமா டேப்பை எடுத்துக் கதவை அளந்தார். பெட்டியை அளந்தார். மறுபடி கதவை அளந்தார். அகலம் மூன்று, உயரம் மூன்று, கதவு இரண்டே முக்கால். எந்தப் பக்கம் திருப்பினாலும் மூன்றுதான்.

“ஏனுங் ஆசாரி, நீங்க பாக்கலையா?”

“நீங்கதானுங்க ஒட்டிப்போடச் சொன்னீங்க. அறுத்து எடுத்துக்கலாமுங்க. நீளவாட்டத்துல ரெண்டாப் பொளந்து, அங்க போய்ச் சேத்துக்கலாம்.”

மாமா பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். “குடி போன மனையை அறுக்கறதாவது? தீபிகாளுக்கு இப்பத்தான் ஈரோட்டுல இருந்து நல்ல எடமா வந்திருக்குது.” பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருசமா ஊரானுக்கெல்லாம் ஊடு கட்டறேன். ஒரு பொட்டியைக் கதவுல எடுக்கத் தெரியலையே எனக்கு.”

ருக்மணி அக்கா, “அப்ப பாம்பு இங்கயே கெடக்கட்டும், யாருக்காவது குடுத்துறலாம். நீ கெளம்பு கண்ணு” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரிங்க என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டேன்.

“இல்லீங்க்கா. நான் வரலீங்க. ராகியும் நானும் இங்கயே இருந்துக்கறோம்.”

“தனியா எப்படி இருப்ப?” என்றார் மாமா.

“தெரியலீங்க மாமா. இருந்து பாக்கறேன்.”

“அவன் இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவின் அளவு உனக்கு முன்பே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

வண்டி காலியாகத் திரும்பியது. ராகியைப் பெட்டியில் விட்டேன். அப்புறம் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக. இவர் போனதற்கு நான் இன்றுதான் அழுகிறேன். இவர் மேல் கோபமாக இருந்தது, அதற்கும் சேர்த்து அழுதேன். ஃபாத்திமா கதவைத் தட்டினாள். திறந்தேன்.

ஜனவரி 22, புதன்

காலையிலேயே மாமா தனியாக வந்தார். வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். டேப்பை எடுத்து வாசலை அளந்தார்.

“இந்தக் கதவை நம்பி இருக்கக் கூடாது. வெளிய ஒரு இரும்பு கிரில் கேட் போட்டுப்போடலாம். நாளைக்கு ஆள அனுப்பறேன்.”

“போடுங்க மாமா.”

“பூட்டுக்கு மூணு சாவி வரும். ஒண்ணை எங்கூட்டு ஆணில மாட்டி வெச்சுக்கறேன். ஆத்தர அவசரத்துக்கு.”

காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

“வேண்டாங்க மாமா. மூணும் எங்கிட்டயே இருக்கட்டும். வர்றப்ப பெல் அடிங்க, நான் தொறக்கறேன்.”

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

“சரி அம்மணி” என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு வருகிறேன் என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டேன்.